பச்சைப் புள்ளி

முதியோர் இல்லத்தில் தன் மாமனாரைப் பார்க்க வந்த ஒருவர், பணிப்பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்ததைப் படம் பிடித்துவிட்டார். அவள் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்திருந்தாள். படத்தில் அது தெரியவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

நிர்வாகம் கூடிப் பேசியது. ஆள் போதவில்லை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகவும், அதற்குப் பிறகு அவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதில்லை என்றும் சமையலறையில் பேசிக்கொண்டார்கள். முடிவானது வேறு. பணிப்பெண்கள் ஒவ்வொருவரும் இடது மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொள்ள வேண்டும். வேலை நேரம் முழுக்க அதன் திரை எரிந்துகொண்டிருக்க வேண்டும். திரை எரிந்தால் ஆள் விழித்திருக்கிறாள். அணைந்தால் தூங்குகிறாள். இதைக் கவனிப்பதற்காக விழிப்பு அதிகாரி என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கி, அதற்கு ஓர் அறையும், அந்த அறைக்கு ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கினார்கள்.

முதல் நாள் பயிற்சி வகுப்பு சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேல் மாடியில் வேலை பார்ப்பதால் எல்லோரும் மாடியக்கா என்று கூப்பிடுகிற பணிப்பெண், கடைசி வரிசையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக, சதுரமாக, கொஞ்சம் கனமாக இருந்தது. அவள் அதுவரை வாட்ச் கட்டியதில்லை. தண்ணீரிலேயே கிடக்கிற கைக்கு எதற்கு என்று விட்டுவிட்டவள்.

"மனுஷக் கண்ணை நம்ப முடியாது," என்று விழிப்பு அதிகாரி ஆரம்பித்தார். "கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குறவங்க இருக்காங்க. திரை அப்படி இல்ல. திரைக்கு மனசு கிடையாது. அதனாலதான் அதை நம்பலாம்."

மாடியக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவள் கையைத் தூக்கினாள். அவளுக்கு இல்லத்தில் வாயாடி என்று பெயர்.

"சார், ஒருவேளை நாங்க தூங்கிட்டோம், ஆனா திரை எரியுதுன்னா?"

அதிகாரி சற்று யோசித்தார். "அப்ப நீங்க தூங்கலைன்னு அர்த்தம்."

"சரி சார். நாங்க முழிச்சிருக்கோம், திரை அணைஞ்சிருச்சுன்னா?"

"அப்ப எதுக்கும்மா முழிச்சிருக்கீங்க?"

அதன் பிறகு அவர் ஒவ்வொரு செட்டிங்காகத் திறந்து காட்டினார். கையைத் தூக்கினால் மட்டும் திரை எரிகிற வசதி வேண்டாம் என்று அணைத்துவைக்கச் சொன்னார். எப்போதும் எரிகிற வசதியைப் போடச் சொன்னார். வெளிச்சத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றச் சொன்னார். ஓய்வு முறை என்று ஒரு பக்கம் இருந்தது. அதைத் திறந்து பார்ப்பதே ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றார். ஒன்றை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. உள்ளங்கையால் திரையைப் பொத்தினால் அது அணைந்துவிடும். சினிமாக் கொட்டகையில் பக்கத்து ஆளின் கண் கூசக் கூடாது என்று, செய்த கம்பெனியே அப்படிச் செய்து அனுப்பியிருந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. யாரும் பொத்தாம இருந்தாப் போதும்," என்றார் அதிகாரி.

குடும்பத்தாருக்கு ஒரு செயலி கொடுத்தார்கள். பணிப்பெண்ணின் திரை அவர்களுடைய கைபேசியில் ஒரு புள்ளியாகத் தெரியும். எரிந்தால் பச்சை, அணைந்தால் சாம்பல். மேல் மாடியில் பதினொரு முதியவர்கள். பதினொருவருக்கும் மாடியக்கா ஒருத்திதான். ஆகவே பதினொரு குடும்பங்களும் பார்த்தது அவளுடைய அதே ஒரு புள்ளியைத்தான். ஒவ்வொருவரும் அது தங்கள் அம்மாவின், தங்கள் அப்பாவின் தலைமாட்டில் எரிவதாக நினைத்து நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதிக்கு இல்லம் தனிக் கட்டணம் வாங்கியது.

வேலை தொடங்கிய பிறகுதான், கை எத்தனை இடங்களுக்குள் போய் வருகிறது என்பது மாடியக்காவுக்குத் தெரிந்தது. சட்டைக் கைக்குள் திரை மறைகிறது என்று சீருடையின் இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டிவிட்டார்கள். குளிர் நாட்களில் எல்லோருக்கும் ஒரு கை மட்டும் புல்லரித்திருந்தது. குளிப்பாட்டும்போது தண்ணீர் பட்டால் திரை தானாக எங்கெங்கோ ஓடி, கடைசியில் அணைந்தது. அதனால் ஒரு கையாலேயே குளிப்பாட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்ட முதுகுக்கு அடியில் இரண்டு கையும் கொடுத்தாக வேண்டும். அதற்கும் அறிவிப்பு வந்தது: வலது கையால் புரட்டவும், இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வைக்கவும்.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போகணும்னு கேக்குற மாதிரி நிக்கிறோம் பாரு," என்றாள் வாயாடி. "நான் பாத்துக்கிற பாட்டியம்மா கேக்குறாங்க, ஏண்டி யாருக்கு டாட்டா காட்டுறேன்னு."

எந்நேரமும் எரிகிற திரைக்கு மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். கழற்றிச் சார்ஜ் போட்டால் ஆள் இல்லை என்று பதிவாகும். ஆகவே வராந்தா முனையில் ஒரு பெஞ்சு போட்டு, சுவரிலிருந்து சாண் நீளத்துக்குக் குட்டை வயர்கள் இழுத்தார்கள். கட்டிய வாட்சைக் கழற்றாமலே அதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உச்சி வேளையில் அங்கே ஐந்தாறு பெண்கள் வரிசையாக, சுவரோடு கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருப்பார்கள். அறைகளில் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும். எழுந்தால் வயர் கழன்று திரை மங்கும். எல்லாப் புள்ளியும் பச்சையாக இருந்த அந்த ஒரு மணி நேரத்தை, இல்லத்தின் மிகச் சிறந்த பராமரிப்பு நேரம் என்று அதிகாரியின் அறிக்கை குறித்தது. கால் வீக்கத்தால் நாள் முழுக்க அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு மாதக் கடைசியில் பரிசு கொடுத்தார்கள். அவள் அதை வாங்கவும் எழுந்திருக்கவில்லை. மேடையைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள்.

மாடியக்கா இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கவில்லை. எது நடந்தாலும் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைப்பது அவள் சுபாவம். மற்றவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்களே, நமக்குத்தான் கை நிற்கவில்லை என்று நினைத்தாள். அவளுக்கு வந்த தொல்லை வேறு ஒருவரால் வந்தது.

மூலை அறையில் கண்டக்டர் இருந்தார். ஆயுள் முழுக்கப் பேருந்தில் நின்றபடி சீட்டுக் கிழித்தவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பார்வையும் மங்கல். அதோடு இன்னொன்றும் வந்து சேர்ந்திருந்தது. கட்டில் ஓடிக்கொண்டே இருப்பதாக அவருக்குத் தோன்றும்.

"எந்த ஸ்டாப் வந்திருக்கு?"

"வண்டி இன்னும் எடுக்கவே இல்லைய்யா."

"பொய் சொல்லாதம்மா. ஆடுதே." அவருடைய வலது கை காற்றில் துழாவும். "கம்பியப் பிடிச்சுக்குங்க, கம்பியப் பிடிச்சுக்குங்கன்னு ஊருக்கெல்லாம் கத்தினவன் நான். எனக்குக் கம்பி எங்க?"

எதிரே நிற்கிற மாடியக்காவின் இடது மணிக்கட்டு அவர் கைக்கு நேராக இருக்கும். அதைப் பிடித்துக்கொள்வார். பிடித்ததும் முகம் அடங்கும். தாடை இறங்கும். ஊட்டினால் சாப்பிடுவார், எழுப்பினால் எழுவார். அந்த முகம் அடங்குவதைப் பார்க்கும்போது மாடியக்காவுக்குள்ளும் ஏதோ ஒன்று உட்காரும். அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசித்ததில்லை. அந்த நாளில் தான் ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்ததாகத் தோன்றுவது அப்போது மட்டும்தான்.

அவர் உள்ளங்கை சரியாகத் திரையின் மேல் விழும். திரை அணையும். வேறு நாட்டில் இருக்கிற அவர் மகளின் கைபேசியில் புள்ளி சாம்பலாகும். மகள் உடனே இல்லத்துக்குப் போன் செய்வாள். அப்பா மேல் அவ்வளவு பிரியம் அவளுக்கு.

மூன்று எச்சரிக்கை வந்தால் வேலை போய்விடும். கண்டக்டர் பிடித்த பிடிக்கு மாடியக்கா ஒரு வாரத்துக்குள் ஒன்று வாங்கினாள். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து எழுந்து நடமாடுவதே பெரிது. அவள் விழிப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தாள்.

"சார், எனக்கு மட்டும் வலது கையில கட்டிக்க விடுங்க. அவரு இந்தக் கையைத்தான் பிடிக்கிறாரு."

அதிகாரி சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். "செட்டிங்ல இடது கைன்னு இருக்கும்மா. மாத்துறது ஒரு நிமிஷ வேலை. ஆனா உங்களுக்கு மாத்தினா எல்லாரும் வருவாங்க. நாளைக்கு ஒருத்தி கால்ல கட்டிக்கிறேம்பா."

"விழுந்துடுவோம்னு அவருக்குப் பயம் சார்."

"அவர் பயம் அவர் கோப்புல இருக்கு. உங்க திரை உங்க கோப்புல இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல. எங்கம்மாவும் இப்படி ஒரு இடத்துலதான் இருக்காங்க. போய்ப் பார்க்க நேரம் கிடைக்கிறதில்ல. ஆனா நாள் பூரா புள்ளியைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். பச்சை. ஒரு நாள்கூட நான் கவலைப்பட்டதில்ல."

மறுநாள் அவரே மேல் மாடிக்கு வந்தார். கையில் ஒரு மாற்றுக் கை. ரப்பர் கையுறைக்குள் பஞ்சை அடைத்து, மணிக்கட்டு வரை தைத்து, கட்டில் சட்டத்தில் கட்டுவதற்கு நாடாவும் வைத்திருந்தார்கள். அதைக் கண்டக்டரின் கைக்குள் அவரே திணித்தார். கண்டக்டர் ஒவ்வொரு விரலாகத் தடவினார்.

"யாரு இது?"

"உங்களுக்குப் பிடிச்சுக்கிறதுக்குத்தான்யா," என்றாள் மாடியக்கா. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"செத்தவன் கையா?"

"இல்ல பெரியவரே, இது ஒரு ஏற்பாடு," என்றார் அதிகாரி.

"டிக்கெட் எடுக்காத ஆளு. இறக்கி விடு," என்று கண்டக்டர் அதைத் தூக்கி எறிந்தார். அது அதிகாரியின் காலடியில் போய், பிச்சை கேட்பது போல விரல் விரித்துக் கிடந்தது. ஒத்துழையாமை என்று கண்டக்டரின் கோப்பில் எழுதப்பட்டது. இரண்டாவது எச்சரிக்கை மாடியக்காவின் கோப்பில் எழுதப்பட்டது.

அன்று வீட்டில், சாப்பிடும்போது கணவர் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று உதறினாள். தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.

"என் கையுமா?" என்றார் அவர்.

வாட்சை இல்லத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மணிக்கட்டில் வெளுத்த சதுரம் ஒன்றுதான் இருந்தது. "பழக்கத்துல," என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்தாள். துடைக்கும்போது நினைத்துப் பார்த்தாள். கையை உதறிய அந்த நொடியில் மனதில் பயம்கூட இல்லை. கோபம்தான் இருந்தது. பிடிப்பவர் மேல் கோபம். இது எப்போது தனக்குள் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்த வழி தெரிந்தால் அந்த வழியாகவே வெளியே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் அவள் கண்டக்டரின் வலது கைக்கு எட்டாமல் நின்று வேலை பார்த்தாள். பக்கவாட்டில் நின்று ஊட்டினாள். அவர் கை காற்றில் துழாவிக்கொண்டே இருக்கும். "கம்பி, கம்பி" என்பார். சோறு வாயிலேயே நிற்கும். புள்ளி பச்சையாக இருந்தது. முன்னேற்றம் தெரிவதாக அதிகாரி சொல்லியனுப்பினார். மகளிடமிருந்து போன் வரவில்லை.

அன்று காலை நல்ல வெயில். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கண்டக்டர் ஆசைப்பட்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாலு எட்டுதான். மாடியக்கா வலது கையை அவர் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து எழுப்பி நிறுத்தினாள். இரண்டாவது எட்டில் அவர் உடம்பு நடுங்கியது.

"பிரேக் போடுறாம்மா, பிரேக் போடுறான்," என்று சொல்லியபடி, உயர்த்தி வைத்திருந்த அவளுடைய இடது கையை எட்டிப் பிடித்துவிட்டார். மணிக்கட்டில், திரையின் மேல், முழுப் பலத்தோடு.

வாட்ச் அதிர்ந்தது. அணைந்து சிறிது நேரம் வரை அதிரும், அதற்குள் எரியவிட்டால் பதிவாகாது. பதிவானால் மூன்றாவது எச்சரிக்கை. அவள் மனதில் ஓடியது வீட்டுச் சமையலறையும் கணவரின் இடுப்பும் அல்ல. எதுவுமே ஓடவில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த வலது கை தானாக வந்தது. அவர் விரல்களைப் பிரித்தது. முதலில் சுண்டுவிரல், அது எளிதாக வந்துவிட்டது. பிறகு மற்றவை.

திரை எரிந்தது.

கண்டக்டர் பின்பக்கமாகச் சரிந்தார். கட்டில் விளிம்பில் இடுப்பு இடித்த சத்தம் கேட்டது. விழுகிற வழியெல்லாம் அவர் கை மேலே, பிடிப்பதற்கு ஏதாவது இருக்கும் என்பது போல, திறந்தபடி இருந்தது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை.

விசாரணை, அதிகாரியின் அறையில் நடந்தது. இயக்குநர் அம்மாளும் வந்திருந்தார். சுவரில் பெரிய திரை ஒன்றில் அன்றைய காலை ஒரு கோடாகப் போட்டுக் காட்டப்பட்டது. முழுக்கப் பச்சை.

"சம்பவ நேரத்தில் பணிப்பெண் விழிப்போடு இருந்திருக்கிறார்," என்று வாசித்தார் அதிகாரி. "அதற்கு முன்பும் விழிப்பு. அதற்குப் பின்பும் விழிப்பு. இப்படி ஒரு கோட்டை இந்த இல்லத்தில் நாம் பார்த்ததில்லை."

"நான்தான் கையை எடுத்தேன்," என்றாள் மாடியக்கா.

"என்ன சொன்னீங்க?"

"அவரு என்னைப் பிடிச்சிட்டு நின்னாரு. நான்தான் விரலைப் பிரிச்சு விட்டேன். இடுப்புல கொடுத்திருந்த கையையும் எடுத்துட்டேன். அதனாலதான் விழுந்தாரு."

இயக்குநர் அம்மாள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சுவர்த் திரையைப் பார்த்தார். கோட்டில் கொஞ்சமாவது சாம்பல் இருக்கிறதா என்று இருவரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இல்லை.

"அதிர்ச்சியில பேசுறாங்க பாவம்," என்றார் இயக்குநர் அம்மாள். "பாரும்மா, உன் மனசு உன்னைக் குத்துது, அது நல்ல குணம். ஆனா மனசு சொல்றதை வச்சு நாங்க முடிவெடுக்க ஆரம்பிச்சா இந்த நிறுவனம் ஒரு நாள் ஓடாது. நீ தப்பு செஞ்சிருந்தா திரை அணைஞ்சிருக்கும். அணையலை."

"அணையக் கூடாதுன்னுதான் கையை எடுத்தேன்மா."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் அதிகாரி, சற்றே உற்சாகமாக. "நெருக்கடியிலயும் திரையை விட்டுக்கொடுக்கலை பாருங்க!"

பெரியவர் தானாகப் பிடியை விட்டுவிட்டார் என்று முடிவு எழுதப்பட்டது. மாற்றுக் கையை அவர் மறுத்ததும் சேர்க்கப்பட்டது. மாடியக்காவின் இரண்டு எச்சரிக்கைகளும் நீக்கப்பட்டன. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளே செய்து காட்டுவாள் என்றும் முடிவானது. வெளியே வந்தபோது வாயாடி நின்றிருந்தாள். ஒரு டம்ளரில் டீயை நீட்டினாள், மாடியக்காவின் வலது கைக்கு.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, அப்பாவின் சாமான்களை எடுத்துப்போக மகள் வந்தாள். பணிப்பெண்கள் குடும்பத்தாரிடம் நேரில் பேசக் கூடாது என்பது விதி. கண்டக்டர் இறந்துவிட்டதால் மகள் இனிமேல் குடும்பத்தார் ஆகமாட்டார், பேசத் தடையில்லை என்று அதிகாரி விளக்கி அனுமதி கொடுத்தார்.

மூலை அறையில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மகள் சிறிய பெட்டி ஒன்றில் இரண்டு சட்டைகளையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நின்றாள். மாடியக்கா எதிர்பார்த்ததைவிட வயது கூடியவள். அப்பாவின் அதே தாடை.

"நீங்கதானா அது?" என்றாள். "உங்க முகம் எனக்குத் தெரியாதுக்கா. புள்ளி மட்டும்தான் தெரியும்."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாடியக்காவின் இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா பிடிப்பது போலவேதான், இறுக்கமாக. திரை அணைந்தது. வாட்ச் அதிர்ந்து ஓய்ந்தது. மாடியக்கா கையை இழுக்கவில்லை. இழுக்கத் தோன்றியது, தோன்றியதைப் பல்லைக் கடித்து நிறுத்தி வைத்திருந்தாள்.

மகளின் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. மாதக் கடைசி வரை செயலியில் அவள் கணக்கு நடப்பில் இருந்தது. அவள் ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள். சாம்பல்.

"ஐயோ, சாரிக்கா, மறைச்சுட்டேன்," என்று பிடியை விட்டுவிட்டாள். திரை எரிந்ததும் கைபேசியில் புள்ளி பச்சையானது. அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா அணைஞ்சுது," என்றாள் மாடியக்கா. "அப்பா பிடிச்சிருந்தாரு. நான் விரலைப் பிரிச்சு விட்டேன். அப்புறம்தான் எரிஞ்சுது. அப்பதான் விழுந்தாரு. அங்க சொல்லிப் பார்த்தேன், யாரும் எழுதிக்கலை. நீயாவது கேட்டுக்க."

மகள் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. மாடியக்கா அதற்காகக் காத்திருந்தாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மகள் கைபேசியைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலால் அந்தக் காலையைத் தேடி, பின்னால் தள்ளித் தள்ளிப் போய், நிறுத்தினாள். பிறகு மாடியக்காவின் முழங்கைக்கு மேல், திரையில் படாமல், மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"இல்லக்கா. அப்படியெல்லாம் நினைச்சுக்காதீங்க. அன்னிக்குப் பூரா பச்சைதான்," என்றாள். "நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."